ஹோட்டல் அறை அழுக்காக இருந்தால்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று இரவுக்கு முன்பணம் கட்டி ஒரு ஹோட்டலுக்குப் போனோம். முதல் இரவே மனம் நொந்து, மறுநாள் காலையில் வெளியேறிவிட்டோம். அந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலர் பயணம் கிளம்பும் முன் கேட்கிறார்கள். சிலர் நள்ளிரவில் அழுக்கு அறைக்குள் நின்றுகொண்டே தொலைபேசியில் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இப்போதே அப்படி ஓர் அறைக்குள் நிற்பவர்கள், புகார் சொல்வது பற்றிய கேள்விக்கு நேராகப் போய்விடுங்கள்.

அப்படி என்னதான் நடந்தது?

இரவு பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நான், மனைவி, எழுபத்து மூன்று வயது அம்மா. வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. மணியை அடித்துக் காத்திருந்து, மறுபடி அடித்த பிறகு ஓர் இளைஞர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். அடையாள அட்டையை வாங்கிப் பதிந்தார், சாவியைத் தந்தார், அவ்வளவுதான். லிஃப்ட் பழுது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளே மஞ்சளேறிப் போயிருந்தது. பெட்டிகளை நாங்களே மூன்றாம் மாடிக்குத் தூக்கிப் போனோம். அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார்.

கதவைத் திறந்ததும் வாடை. ஈரத் துணியைப் பல நாள் மூட்டையாகக் கட்டிப் போட்டால் வருமே, அந்தப் புழுங்கிய வாடை. கட்டிலில் உட்காரப் போன அம்மா, தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். உறையின் மடிப்புக்குள் நீளமான ஒரு முடி சுருண்டு கிடந்தது. நான் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். மேலே பளிச்சென்ற வெள்ளை, அடியில் மெத்தையின் நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு வட்டம். குளியலறையில் எங்களுக்கு முன் தங்கியவர் தேய்த்த சோப்பின் மிச்சம், காய்ந்து விரிசல் விட்டு, பீங்கானோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டியும் பெயரவில்லை. அந்தச் சோப்புத் துண்டை என்னால் மறக்க முடியவில்லை. எங்களுக்கு முன்னால் ஒருவராவது ஒரு துணியோடு அந்தக் குளியலறைக்குள் வந்திருந்தால் அது அங்கே இருந்திருக்காது.

கீழே இரண்டு முறை அழைத்தேன். முதல் முறை, "ஆள் அனுப்புகிறேன்" என்றார்கள். இரண்டாம் முறை மணி அடித்து ஓய்ந்தது. இறங்கிப் போய் நேரில் கேட்டபோது, "இந்த நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் ஆள் கிடையாது சார், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அம்மா தன் சால்வையை நாற்காலி மேல் விரித்து, உட்கார்ந்தபடியே விடிய விடியக் கண்ணயர்ந்தார். "ஓர் இரவுதானே, விடு" என்றார். வயதானவர் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதை விட மனமில்லை.

படங்களையும் நட்சத்திரங்களையும் பார்த்துத்தானே முன்பதிவு செய்தீர்கள்?

ஆமாம், இரண்டையும் நம்பினேன். இரண்டும் நான் நினைத்ததைச் சொல்பவை அல்ல என்று பிறகுதான் புரிந்தது.

விளம்பரப் படங்கள் பெரும்பாலும் கட்டடம் புதிதாக இருந்தபோதோ, புதுப்பித்த கையோடோ எடுத்தவை. அகலக்கோண லென்ஸில் எடுத்தால் சிறிய அறையும் கூடம் போலத் தெரியும். நட்சத்திரத் தகுதியைப் பொறுத்தவரை, உலகம் முழுமைக்கும் பொதுவான ஒரே அளவுகோல் கிடையாது. ஐரோப்பாவில் சில நாடுகள் 2009இல் சேர்ந்து ஒரு பொது முறையை உருவாக்கிக்கொண்டன. மற்ற இடங்களில் நாட்டுக்கு நாடு விதி வேறு. சில முன்பதிவுத் தளங்களில் தெரியும் நட்சத்திரம் ஹோட்டல்காரரே தமக்குத் தந்துகொண்டதாகவும் இருக்கலாம். அதோடு, நட்சத்திரம் என்பது முக்கியமாக வசதிகளை எண்ணிக் கொடுப்பது: லிஃப்ட் உண்டா, வரவேற்பில் எத்தனை மணி நேரம் ஆள் இருப்பார், அறையின் பரப்பளவு என்ன. நேற்று விரிப்பை மாற்றினார்களா என்பதை அது சொல்லாது.

இப்போது நான் விருந்தினர்கள் எடுத்துப் போட்ட படங்களைத்தான் பார்க்கிறேன். மதிப்புரைகளில் கடைசி மூன்று மாதத்தில் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "வாடை", "முடி", "கறை", "பூச்சி" என்று தேடுகிறேன். ஒருவர் எழுதியிருந்தால் அது அவருடைய துரதிர்ஷ்டமாக இருக்கலாம். வெவ்வேறு வாரத்தில் தங்கிய நான்கு பேர் ஒரே குறையை எழுதியிருந்தால் அது அந்த இடத்தின் பழக்கம். புகார்களுக்கு நிர்வாகம் எழுதும் பதிலையும் படியுங்கள். எல்லோருக்கும் ஒரே வரியை ஒட்டுகிறார்களா, குறிப்பிட்ட குறைக்குக் குறிப்பிட்ட பதில் தருகிறார்களா என்பதிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

பெட்டியைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். கம்பளம் விரித்த தரையிலும் வேண்டாம். குளியலறையின் ஓடு பதித்த தரை ஈரமில்லாமல் இருந்தால் அங்கே வையுங்கள். பிறகு விரிப்பைத் தலைமாட்டு மூலையில் உருவி, மெத்தையின் தையல் ஓரத்தைக் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால், இடுக்கில் பாருங்கள். தலையணை உறையைக் கழற்றி உள்ளே இருப்பதைப் பாருங்கள். குளியலறையில் வடிகால் துளை, கழிப்பறை இருக்கையின் அடிப்பக்கம், சோப்பு வைக்கும் இடம். குழாயைத் திறந்து தண்ணீரின் நிறம். கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்.

பெட்டியைத் திறக்கும் முன்பே இதைச் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. துணிமணிகளை அடுக்கிவிட்டால் நமக்கே நகர மனம் வராது, "சரி, சமாளிப்போம்" என்று உட்கார்ந்துவிடுவோம்.

மூட்டைப்பூச்சி என்று எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?

வளர்ந்த மூட்டைப்பூச்சி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடல், செம்பழுப்பு நிறம், பறக்க இறகு இல்லை. கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பகலில் பெரும்பாலும் வெளியே வராது. அதனால் பூச்சியைத் தேடுவதைவிட அதன் தடயத்தைத் தேடுவது நல்லது. மெத்தைத் தையலில் பேனா முனையால் குத்தியது போன்ற கரும்புள்ளிகள் (அவை அதன் எச்சம்), வளரும்போது உரித்துப் போட்ட வெளிறிய தோல்கள், விரிப்பில் துரு நிறச் சிறு கறைகள், 1 மில்லிமீட்டர் அளவில் வெள்ளை முட்டைகள். ஈரத் துணியால் கரும்புள்ளியைத் தேய்த்தால் பழுப்பாகப் பரவும்.

கடியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கொசுக்கடிக்கும் இதற்கும் தோலில் வித்தியாசம் தெரிவது கடினம். சிலருக்குத் தடிப்பே வராது. சிலருக்குப் பல நாள் கழித்து, இரண்டு வாரம் வரைகூடத் தாமதமாக வரும். ஒரே கட்டிலில் படுத்த இருவரில் ஒருவருக்கு மட்டும் உடம்பெல்லாம் தடித்திருப்பது அதனால்தான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை, நம் இரத்தத்தைத் தேடி வருகிறது. நம் உடல் சூடும் மூச்சுக்காற்றும்தான் அதை இழுக்கின்றன. விருந்தினரின் பெட்டியோடு எந்த ஹோட்டலுக்குள்ளும் அது நுழைந்துவிடலாம், மிகச் சுத்தமான ஹோட்டலாக இருந்தாலும். ஆகவே பூச்சி இருந்தது என்பதற்காக மட்டும் ஓர் இடத்தை மோசம் என்று சொல்ல மாட்டேன். சொன்ன பிறகு என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் சொல்வேன். அந்த அறையைப் பூட்டி, பக்கத்து அறைகளையும் மேல், கீழ் அறைகளையும் சோதிக்கும் ஹோட்டல் பொறுப்பானது. மருந்தை லேசாகத் தெளித்துவிட்டு அன்று மாலையே அடுத்தவருக்குச் சாவி கொடுப்பது துரோகம்.

கடித்துவிட்டது. இனி வீட்டுக்கு வராமல் எப்படித் தடுப்பது?

பயப்படாதீர்கள். மூட்டைப்பூச்சிக் கடியால் மனிதருக்கு நோய் பரவுவதாக இதுவரை நிறுவப்படவில்லை. சொறிந்து புண்ணாக்காமல் இருந்தால் தடிப்பு தானாக அடங்கும். மூச்சுத் திணறலோ முக வீக்கமோ வந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் பெட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோக வேண்டாம். துணிகளை வாசலிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து, அப்படியே சலவைக்கு எடுத்துச் செல்லுங்கள். பூச்சியைக் கொல்வது சோப்பை விட முக்கியமாகச் சூடு. 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைக்கலாம், அல்லது உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் 30 நிமிடம் ஓட்டலாம். துவைக்க முடியாத பொருளாக இருந்தால், மைனஸ் 18 டிகிரியில் உறைபெட்டிக்குள் நான்கு நாள் வைக்கலாம். பட்டினி போட்டால் செத்துவிடும் என்று பெட்டியைப் பரணில் போடாதீர்கள். உணவில்லாமல் பல மாதங்கள் தாக்குப்பிடிக்கும் பிராணி அது.

விரிப்பு வெள்ளையாக இருந்தால் சுத்தம்தானே?

வெள்ளை நிறத்தில் ஒரு நல்லது உண்டு. கறை மறையாது, வெளுப்பான் போட்டுச் சூடான நீரில் துவைக்கலாம். ஆனால் எங்கள் அறையில் நடந்தது போல, வெள்ளை விரிப்பு மூடியாகவும் பயன்படும். மெத்தைக்கு மேல் கழற்றித் துவைக்கக்கூடிய ஓர் உறை இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று பாருங்கள். மேலே அலங்காரத்துக்குப் போட்டிருக்கும் கனத்த போர்வையும் சிறு திண்டுகளும் ஒவ்வொரு விருந்தினருக்கும் துவைக்கப்படுவது அரிது. நான் அவற்றை எடுத்து நாற்காலியில் போட்டுவிடுவேன்.

ரிமோட்டைத் தொடக் கூடாது என்கிறார்களே?

தொடலாம், துடைத்துவிட்டுத் தொடுங்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஹோட்டல் அறைகளில் 19 இடங்களைச் சோதித்து, 2012இல் ஒரு நுண்ணுயிரியல் மாநாட்டில் முடிவுகளைச் சொன்னார்கள். கழிப்பறையில் கிருமி அதிகம் இருந்ததில் வியப்பில்லை. டிவி ரிமோட்டும் கட்டிலோர விளக்கின் சுவிட்சும் மோசமான இடங்களின் வரிசையில் வந்தன. எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வேறு: பணியாளர்கள் அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகும் வண்டியில் இருந்த பஞ்சிலும் துடைப்பானிலும் கிருமி அதிகமாக இருந்தது. ஓர் அறையின் அழுக்கு அடுத்த அறைக்குப் போகும் வழி அதுதான். மூன்று மாநிலங்களில், மாநிலத்துக்கு மூன்று அறைகள் மட்டுமே பார்த்த சிறிய ஆய்வு அது. எல்லா ஹோட்டலுக்கும் இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் எங்கே துடைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தது.

கிருமிநாசினி மருந்துகள் தெளித்த கணமே வேலை செய்வதில்லை. அந்தப் பரப்பு சில நிமிடங்கள் ஈரமாகவே இருக்க வேண்டும், அதுவும் அழுக்கை முதலில் துடைத்தெடுத்த பிறகு. தெளித்து உடனே துடைத்தால் நல்ல மணம் கிடைக்கும், சுத்தம் கிடைக்காது.

குளியலறை நாறுகிறது. ஆபத்தா?

சாக்கடை வாடை என்றால் பல நேரம் காரணம் எளிது. வடிகாலுக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்றை மேலே வராமல் தடுக்கும். அறை பல நாள் பூட்டிக் கிடந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வாடை அடங்கிவிடலாம். சுவரில் கரும்பூஞ்சை படர்ந்திருந்தால் அப்படிச் சரியாகாது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறையில் தங்கவே வேண்டாம்.

பூட்டிக் கிடந்த அறையில் இன்னொரு கவலையும் உண்டு. 1976 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்குப் பிறகு, வந்தவர்களில் பலர் கடுமையான நுரையீரல் அழற்சியில் விழுந்தார்கள். சுமார் 30 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டுதான் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள், லெஜியோனெல்லா என்ற பெயர் பிறகு வந்தது. ஏறக்குறைய 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான, தேங்கிய நீரில் அது பெருகும். அந்த நீர் நுண்துளியாகத் தெறித்து மூச்சோடு உள்ளே போகும்போதுதான் நோய். வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைத்திருப்பதும், ஆளில்லாத அறைகளிலும் குழாய்களை அவ்வப்போது திறந்து ஓட விடுவதும் ஹோட்டலின் கடமை. நாம் செய்யக்கூடியது, முதல் முறை ஷவரைத் திறந்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் குளியலறைக்கு வெளியே நிற்பது. வயதானவர்கள், புகைப்பவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் கட்டாயம் இதைச் செய்யுங்கள்.

கண்ணாடித் தம்ளர்களை நம்பலாமா?

கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

புகாரை எப்போது, யாரிடம், எப்படிச் சொல்வது? காலையில் சொன்னால் போதாதா?

போதாது. நான் எழுதுவதில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: பார்த்த உடனே, அந்த இரவே சொல்லுங்கள். தங்கி, உறங்கி, கிளம்பும்போது சொன்னால், "அப்போதே சொல்லியிருந்தால் மாற்றித் தந்திருப்போமே" என்ற ஒரு வரியில் உங்கள் புகார் முடிந்துவிடும். அந்த வரியில் நியாயமும் இருக்கிறது. சரிசெய்ய ஒரு வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

முதலில் படம் எடுங்கள். கறையை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால் அது எங்கே எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. அறை எண் தெரியும் கதவிலிருந்து தொடங்கி, நிறுத்தாமல் நடந்து போய்க் கறை வரை ஒரே வீடியோவாக எடுங்கள். எதையும் துடைக்காதீர்கள், விரிப்பைச் சுருட்டி வைக்காதீர்கள்.

பிறகு கீழே போங்கள். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன். குரலை உயர்த்த வேண்டாம். இரவுப் பணியில் இருப்பவர் பெரும்பாலும் தனியாள். அவரைத் திட்டி ஒன்றும் ஆகாது. "ரூம் மோசமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "தலையணை உறைக்குள் முடி இருக்கிறது, மெத்தையில் கறை இருக்கிறது, வேறு அறை வேண்டும்" என்று சொல்லுங்கள். என்ன குறை, உங்களுக்கு என்ன வேண்டும், இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும். அவரால் முடியாவிட்டால் பணிநேர மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். பேசி முடித்ததும், நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறிப்பிட்டு, அதே விஷயத்தை ஹோட்டலுக்கு மின்னஞ்சலாகவோ செயலிக்குள் செய்தியாகவோ அனுப்பிவிடுங்கள். எங்கள் பணத்தில் ஒரு பகுதியாவது திரும்பி வந்ததற்குக் காரணம், இரவு 11.20க்கு நான் அனுப்பிய நான்கு வரிச் செய்திதான்.

வேறு அறை காலி இல்லை என்றால்?

அப்படியானால் புது விரிப்பு, புது உறைகள், துண்டுகள் கேட்டு வாங்குங்கள், குளியலறையை உங்கள் கண்ணெதிரே கழுவித் தரச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால், "மீதி இரவுகளை ரத்துசெய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புதல் எழுத்தில் வரும் முன் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியேறாதீர்கள். பின்னால் அதை "அவர்களாகவே ரத்துசெய்தார்கள்" என்று பதிந்துவிடுவார்கள். உடல்நலத்துக்கு ஆபத்து என்றால் கதை வேறு. படம் எடுத்துக்கொண்டு, செய்தியையும் அனுப்பிவிட்டு உடனே கிளம்புங்கள்.

மூட்டைப்பூச்சிக்காக அறை மாற்றினால் ஒட்டிய அறையோ நேர் மேல், கீழ் அறையோ வேண்டாம் என்று சொல்லுங்கள். சுவர் இடுக்கு வழியாக அவை நகரும்.

பணம் திரும்பக் கிடைத்ததா?

தங்காத இரண்டு இரவுகளுக்குக் கிடைத்தது, பத்தொன்பது நாள் கழித்து. தங்கிய இரவுக்குக் கிடைக்கவில்லை.

நாங்கள் செயலி வழியாக முன்பதிவு செய்திருந்தோம். ஹோட்டலைக் கேட்டால் செயலியைக் கேளுங்கள் என்றார்கள். செயலியைக் கேட்டால் ஹோட்டல் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். இந்தப் பந்தாட்டத்தை நிறுத்த ஒரே வழி, பணம் யார் கணக்குக்குப் போயிருக்கிறது என்று பார்ப்பது. ரசீதிலும் வங்கி அறிக்கையிலும் யார் பெயர் இருக்கிறதோ, திருப்பித் தர வேண்டியவர் அவர். அவருக்கு எழுதி, மற்றவருக்கு நகல் அனுப்புங்கள். இருவரும் கையை விரித்தால், கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து முறையிடலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, கெடு எத்தனை நாள் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் உங்களைக் காப்பாற்றுவது அந்த இரவில் எடுத்த படமும் அனுப்பிய செய்தியும்தான்.

புகார் செய்தால் துப்புரவுப் பணியாளரின் வேலை போய்விடாதா?

இதை அதிகம் கேட்பவர் என் அம்மாதான். கேட்க வேண்டிய கேள்வியும்கூட.

எட்டு மணி நேரப் பணியில் 14, 15 அறைகள் என்பது பல ஹோட்டல்களில் சாதாரணக் கணக்கு. அதாவது அறைக்கு ஏறக்குறைய அரை மணி நேரம்தான். அதற்குள் கனத்த மெத்தையின் நான்கு மூலையையும் தூக்கி விரிப்பைச் செருக வேண்டும், கழிப்பறையைத் தேய்க்க வேண்டும், குப்பை எடுக்க வேண்டும், தரையைத் துடைக்க வேண்டும், வண்டியை அடுத்த கதவுக்குத் தள்ள வேண்டும். முன்பு தங்கியவர் அறையைப் போர்க்களமாக்கிவிட்டுப் போயிருந்தாலும் நேரம் அதே நேரம்தான். முதுகும் தோளும் மணிக்கட்டும் தேயும் வேலை. மறுநாள் காலை எங்கள் மாடியில் ஒரே ஒரு பெண்மணி மட்டும் வேலை செய்வதைப் பார்த்தேன். அவருடைய வண்டியில் கழிப்பறைக்கும் தம்ளருக்கும் சேர்த்து ஒரே ஒரு துணி தொங்கியது. இரண்டாவது துணியை அவருக்குக் கொடுக்காதவர் யாரோ, என் புகார் அவர் மேல்தான்.

அதனால் பணியாளரின் பெயரை எங்கும் எழுதாதீர்கள். "சுத்தம் செய்ய ஆளும் நேரமும் போதவில்லை, மேற்பார்வை இல்லை" என்று நிர்வாகத்தின் பெயருக்கு எழுதுங்கள். அறையை யாராவது ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டிருந்தால் அந்தச் சோப்புத் துண்டு தப்பியிருக்காது.

மதிப்புரை எழுதினீர்களா?

ஒரு வாரம் கழித்து எழுதினேன். கோபத்தில் எழுதிய முதல் வரைவை அழித்துவிட்டேன். அதில் "கேவலம்", "மகா மட்டம்" போன்ற சொற்கள் இருந்தன, படிப்பவருக்குப் பயன்படும் தகவல் ஒன்றுகூட இல்லை. தங்கிய மாதம், எந்த மாடி, எதைப் பார்த்தோம், எத்தனை முறை சொன்னோம், என்ன பதில் வந்தது, எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்று மட்டும் எழுதிப் படங்களைச் சேர்த்தேன். நன்றாக இருந்ததையும் எழுதினேன்: காலைப் பணிக்கு வந்த வரவேற்பாளர் அம்மாவைப் பார்த்ததும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பெட்டிகளைத் தானே இறக்கித் தந்தார். இரவு அவர் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தை எழுதும் தேவையே வந்திருக்காது.

இப்போது பயணத்தில் கூடுதலாக எதை எடுத்துப் போகிறீர்கள்?

ஒரு சிறிய டார்ச், துடைக்க ஈரத்தாள், அழுக்குத் துணிக்கு முடிச்சுப் போடக்கூடிய பைகள், ஆளுக்கு ஒரு தலையணை உறை. அம்மா தன் பெட்டியில் ஒரு முழு விரிப்பையே மடித்து வைத்துக்கொள்கிறார். போன மாதம் ஒரு விடுதியில் அறை நன்றாகவே இருந்தது, மெத்தை உறைகூடப் புதிது. நான் டார்ச் அடித்து எல்லா மூலையும் பார்த்து முடிக்கும் வரை அம்மா பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தார். "உள்ளே வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார்.